கத்திப் பேசுகிற வீடு

எனக்கு வாய் அதிகம் என்று சொல்வார்கள். இரண்டு தடவை தைத்த வாய்க்கு இவ்வளவு பேச்சா என்று ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள். தைத்ததால்தான் பேச்சு, தைக்காவிட்டால் குடித்த கஞ்சி மூக்கு வழியாக வந்திருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். நான் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவள். உதட்டைக் கைக்குழந்தையாக இருக்கும்போது தைத்தார்கள், அண்ணத்தை இரண்டு வயதில். இரண்டும் பெங்களூரில் நடந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது வாயைப் பற்றியில்லை, காதைப் பற்றி. எட்டு வயது வரைக்கும் என் காதின் மேல் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எனக்கும்தான்.

வராமல் போனதற்குக் காரணம் எங்கள் வீடு. தங்கவயலில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் எங்களுடையது ஓரத்து வீடு. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா நந்திதுர்க் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் பாறையைத் துளைக்கிற மிஷினைப் பிடிப்பவர். மீசை முளைக்கிற வயதில் பிடித்த மிஷின். அதைப் பிடித்த ஆட்களில் காது முழுசாகக் கேட்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் லைனில் இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டால் வெளியூர்க்காரர்கள் அடிதடி என்று நினைத்து ஒதுங்குவார்கள். அவர்கள் பீடிக்கு நெருப்பு கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

நைனாவிடம் கத்திக் கத்தி அம்மாவின் குரலும் ஏறிவிட்டிருந்தது. அவர் ஷிப்டுக்குப் போய்விட்ட எட்டு மணி நேரத்துக்காக அதை இறக்கிக்கொள்ளவும் மாட்டாள். ஏற்றிய குரல் ஏற்றியபடியே இருக்கும். கத்துவதோடு நிற்காது. தோளைத் தட்டுவாள், தரையில் மிதிப்பாள், கையால் சொல்வாள். 'சோறு' என்றால் ஐந்து விரலும் குவிந்து வாய்க்குப் போகும், 'தண்ணி' என்றால் கட்டைவிரல். எல்லாம் நைனாவுக்காக. அந்த வீட்டில், அந்த இரைச்சலில், நானும் பிழைத்துக்கொண்டேன். எங்களுடையதைப் போன்ற வீட்டில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்க முடியும்.

பக்கத்து வீடுகளில் என் உதட்டுக்கு வேறு காரணம் வைத்திருந்தார்கள். வயிற்றில் நான் இருக்கும்போது அம்மா கிரகணத்தில் கத்திரிக்காய் அரிந்துவிட்டாளாம். எங்கள் வீட்டில் புத்தர் படம் மாட்டியிருக்கும், நைனாவிடம் இந்தக் கதையெல்லாம் எடுபடாது. "சூரியன் மேல நெழல் வுழுந்தா எம்பொண்ணு ஒதட்டுக்கு இன்னா?" என்று குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்பார். அம்மா மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் மனதில் அந்தக் கத்திரிக்காய் கிடந்தது.

அந்த எட்டு வருஷத்து உலகம் எப்படியிருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றவே இல்லை. மழை வந்தால் பார்ப்பதற்கு மட்டும் வரும். குக்கரின் மேல் வெள்ளையாக ஆவி எழும், அம்மா திரும்பிப் பார்ப்பாள், ஏன் திரும்பினாள் என்று நான் யோசித்ததில்லை. காற்று அடிக்கிற மாதத்தில் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து மாவு போலப் புழுதி கிளம்பி லைனுக்குள் வரும். அதற்குள் ஆட்கள் நடந்து வருவார்கள், வாய் அசையும், சைக்கிள் போகும், ஆடு தலையை ஆட்டும். எல்லாம் மெதுவாக, அலுங்காமல் நடந்தது. நான் நடு வழியில் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டேயிருப்பேன். யாராவது கையைப் பிடித்து ஓரமாக இழுத்து விடுவார்கள்.

சுரங்கத்துச் சங்கு மட்டும் கேட்கும். ஷிப்டு மாறும் நேரத்துக்கு ஊதுகிற அந்தச் சங்கு எனக்குக் காதில் கேட்டதா நெஞ்சில் கேட்டதா என்று இன்றும் தெரியாது. அடியில் பாறை வெடித்து வீடு ஆடுவதும் தெரியும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள் அதை. அலமாரியில் பாத்திரம் நடுங்குவதற்கு முன்னால் என் உள்ளங்காலில் வந்துவிடும். நான்தான் முதலில் எழுந்து நிற்பேன். "எம்பொண்ணுக்கு இன்னா கூர்மை பாரு" என்று நைனா பெருமைப்பட்டுக்கொள்வார். அந்தப் பெருமையில் பிறகு மண் விழுந்தது.

பேச்சு எனக்குச் சரியாக வரவில்லை. காற்று மூக்கால் போய்விடும். நைனா, அம்மா என்கிற இரண்டு சொல் மட்டும் மற்றப் பிள்ளைகளைப் போலவே சுத்தமாக வந்தது. இரண்டுமே மூக்கால் சொல்கிற சொல். 'அப்பா' என்று கூப்பிடுகிற வீட்டில் பிறந்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான். அண்ணம் தைத்தாயிற்று, வயசானால் பேச்சு தானாக வந்துவிடும் என்று வீட்டில் நினைத்தார்கள். வரவில்லை. கேட்காததை எப்படித் திருப்பிச் சொல்வது?

பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சர் மென்மையான மனுஷி. எங்கள் லைனில் பிறந்தவர் இல்லை, குரலே வெளியே வராது. அதிலும் பாதிப் பேச்சைக் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவார். மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் முதுகைப் பார்ப்பேன், ஜடையில் உள்ள பூவை எண்ணுவேன், பிறகு வெளியே வேப்பமரம் ஆடுவதைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டேன். திமிர் என்றார். பிறகு மந்தம் என்றார். இரண்டாம் வகுப்பில் ஒரு வருஷம் ஃபெயிலாகி அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தேன். அம்மாவைக் கூப்பிட்டு அவர், "இவளுக்குச் சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதாம்மா" என்றாராம். பழமொழி சொல்வதாக நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டார். அவருக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே ஒரு உறையையும் கொடுத்தனுப்பினார். அதற்குள் இங்கிலீஷில் அடித்த ஒரு படிவம். பெங்களூரில் புத்தி மந்தமான பிள்ளைகளுக்கென்று தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே அனுப்பிவிடுங்கள், அப்பா கையெழுத்து போட்டால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாராம். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு விடுவார்கள். என் தலையெழுத்தைப் பற்றிய இந்தப் பேச்சு என் தலைக்கு மேலேயே நடந்தது. நான் டீச்சரின் மேஜை மேல் இருந்த சாக்பீஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அழுதது தெரிந்தது. எதற்கு என்று தெரியாது.

அந்த வாரம்தான் நைனாவின் காலில் கல் விழுந்தது. பாதத்தில் எலும்பு முறிந்து மைன்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு மூன்று வாரம் படுத்திருக்கவேண்டும். அம்மா தினமும் சோறு எடுத்துக்கொண்டு போய் வந்தாள். உறையையும் ஒருநாள் எடுத்துக்கொண்டு போனாள், திருப்பிக் கொண்டுவந்து அரிசி டின்னுக்குக் கீழே வைத்தாள். ஞாயிறு கழித்து டீச்சரிடம் தரலாம் என்று.

நைனா இல்லாத வீடு. முதல் இரண்டு நாள் அம்மா பழக்கத்தில் கத்தினாள். யாரிடம் கத்துகிறோம் என்று அவளுக்கே சலிப்பு வந்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இறங்கியது. கையை ஆட்டிப் பேசுவதும் நின்றது. எத்தனை வருஷத்துக்குப் பிறகோ அவள் தன்னுடைய சொந்தக் குரலில் பேச ஆரம்பித்தாள். எனக்கு என்ன தெரிந்ததென்றால், வீடு மெல்ல மெல்லத் தண்ணீருக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் வாய் அசையும், சிரிப்பாள், துணி மடிப்பாள், மறுபடி வாய் அசையும். பயமாக இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இதமாகவே இருந்தது. நான் வாசல் வெயிலில் உட்கார்ந்து என் பாட்டுக்குப் புழுதியில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அது வேறாகத் தெரிந்திருக்கிறது. நைனா இல்லாத ஏக்கம், அதனால் முறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டால் பதில் இல்லை. நாலைந்து நாள் பொறுத்தாள். பிறகு ஒரு காலையில் முதுகில் ஒன்று வைத்தாள், பளீரென்று. நான் திரும்பிப் பார்த்த முகத்தில் கோபமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லையாம். "எதுக்கு அடிச்சேன்னு தெரியாத மூஞ்சி" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அந்த மூஞ்சிதான் அவளை உலுக்கிவிட்டது.

அவள் அடுக்களையில் வெல்ல டப்பாவை எடுத்தாள். எனக்கு வெல்லம் என்றால் உயிர். என் முதுகுக்குப் பின்னால் நாலு அடி தள்ளி நின்றுகொண்டு, "கண்ணு, வெல்லம் வேணுமா?" என்றாள். நான் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை, நைனாவிடம் கேட்கிற குரலில், லைன் முழுக்கக் கேட்கக் கத்தினாள். நான் திரும்பிக் கையை நீட்டினேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் வெல்லத்தைச் சப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி டின்னைத் தள்ளி அந்தக் காகிதத்தை எடுத்து, சுருட்டி, அடுப்பில் வைத்தாள். அது மஞ்சளாக எரிந்ததும் ஓரம் சுருண்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அது வெறும் காகிதம்தான் எனக்கு.

நைனா கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த மறுவாரம், காலை ரயிலில் மூவரும் பெங்களூருக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு அறைக்குள் இன்னொரு சின்ன அறை இருந்தது, சுவரெல்லாம் துளைத் துளையாகப் பஞ்சு வைத்து. உள்ளே ஒரு நாற்காலி. நைனா குனிந்து என் முகத்துக்கு நேராக, "கேஜ் மாதிரிதான் கீது. பயப்படாத. நான் கண்ணாடிக்கு அந்தாண்ட நிக்கறேன்" என்றார். கேஜ் என்பது அவர்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு. காதில் பெரிய கருப்பு வளையத்தை மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும்.

நான் கண்ணாடி வழியாக நைனாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், கை தூக்கினேன். மறுபடி ஆட்டினார், மறுபடி தூக்கினேன். டெஸ்ட் எடுக்கிற பெண்மணி பொத்தானை அழுத்துவதை அவர் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். இருவருமாகச் சேர்ந்து நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்மணி கன்னடக்காரர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், எழுந்து உள்ளே வந்து, "ஸ்வல்ப, கொஞ்சம் இந்தப் பக்கம்மா" என்று என் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு எனக்கு முன்னால் துளைகள் மட்டும்தான் இருந்தன. அவற்றை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எப்போதாவது ஒருதரம் கை தூக்கினேன்.

காது டாக்டர் படம் வரைந்து காட்டினார். மூக்குக்குப் பின்னால் இருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது, எச்சில் விழுங்கும்போதெல்லாம் அண்ணத்துத் தசை அதைத் திறந்துவிட வேண்டும். அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைக்கு, தைத்த பிறகும் அந்தத் தசை சரியாக இழுக்காது. காற்று போகாமல் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் கூழாகிவிடும். "இந்த மாதிரி குழந்தைங்கள்ல நெறைய பேருக்கு இது வரும்மா. அதுக்குத்தான் விடாம வந்து காட்டணும்னு சொல்றது" என்றார். சொல்லித்தான் இருந்தார்கள். அண்ணம் மூடியாயிற்று, சோறு இறங்குகிறது, இனி எதற்கு ரயில் செலவு என்று நாங்கள்தான் போகாமல் விட்டோம்.

நைனாவுக்கு இதெல்லாம் உடனே புரிந்துவிட்டது. "சொரங்கத்துல காத்து போகாத லெவல்ல தண்ணி நிக்கும் டாக்டரம்மா. எங்களுக்குத் தெரியாதா? தண்ணிய எடுத்துட்டுக் காத்துக்கு வழி வுடணும்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அதைத்தான் செய்யப்போகிறோம் என்றார். செவிப்பறையில் சின்னதாகத் துளை போட்டு நீரை உறிஞ்சிவிட்டு, அரிசியை விடச் சின்ன ஒரு குழாயை அதில் பொருத்திவிடுவார்களாம். அம்மாவுக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. கத்திரிக்காயைப் பற்றித்தான். கேட்டாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்திரிக்காய்க்கும் கிரகணத்துக்கும் இதுல ஒரு வேலையும் இல்லம்மா, நீங்க ஒண்ணும் பண்ணல" என்றார். அம்மா அந்த இடத்திலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எட்டு வருஷ அழுகை அது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது யாரோ பக்கத்தில் நெருப்பு மூட்டுகிற மாதிரி சடசடவென்று இருந்தது. நர்ஸ் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சின்னக் காகிதத்துக்கு அவ்வளவு சத்தமா? வளையல் சத்தம், செருப்பு சத்தம், அம்மா மூச்சு விடுகிற சத்தம். திரும்பி வருகிற ரயிலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மா மடியில் படுத்தேன். வீட்டுக்கு வந்தால் சுவரில் பல்லி பேசியது. மழைக்கு முன்னால் வேப்பமரம் ஒரு மாதிரி இரைந்தது, பிறகு ஓட்டின் மேல் முதல் துளி விழுந்தது, அது ஒரு சத்தம், இன்னொரு துளி, அது வேறு சத்தம். நான் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா முதுகுக்குப் பின்னாலிருந்து, சாதாரணக் குரலில், சாப்பிடக் கூப்பிட்டபோது திரும்பினேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் எல்லாவற்றோடும் சேர்த்து ஒன்று வந்தது. என் குரல். அதுவரைக்கும் நான் பேசுவது எனக்குள் உருண்டையாக, அழகாகத்தான் இருந்தது. இப்போது கேட்டால் மூக்கிலிருந்து வழிகிற ஒரு குரல், ஒரு எழுத்தும் நிற்காமல். இதையா இத்தனை வருஷம் ஊரே கேட்கக் கத்திக்கொண்டிருந்தேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் குரலை இறக்கிவிட்டேன். உதடு மட்டும் அசைகிற அளவுக்கு, எனக்கே கேட்டும் கேட்காத அளவுக்கு.

அந்த நாட்களில் நைனா இன்னும் லீவில் இருந்தார். காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் எல்லாம் சொன்னேன். பல்லி பேசுவதை, சாக்பீஸ் கீச்சிடுவதை, டீச்சர் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்து, பாதி வெட்கத்தோடு என் கன்னத்தைத் தொட்டதை. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு "உம்" கூட இல்லை. எனக்கு அழுகையாக வந்தது. காது வந்த பிள்ளையை நைனாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் வாசலில் இருந்தேன். உள்ளே நைனா அம்மாவிடம் ரகசியம் பேசினார். அவருடைய ரகசியம் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"நீ அவகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னாத்த?"

"அந்த ஃபாரத்துல நான் கையெழுத்து போட்டத. அவ எங்கிட்ட பேச மாட்டேங்கறா. ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஒரு வார்த்த பேசல. எல்லாம் தெரிஞ்சுகினுதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீறா."

குழாயடியில் குடங்கள் நின்றன. அந்தக் காகிதம் எரிந்தது, மஞ்சள் நெருப்பு, ஓரம் சுருண்டது, அம்மா டீச்சர் முன்னால் அழுதது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. என்னை அனுப்பிவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் நைனா. ஒருவரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அவராகத்தான் சொல்லிவிட்டார், அதுவும் லைன் முழுக்கக் கேட்க.

உள்ளே போனேன். வெட்கமாவது ஒன்றாவது, அவர் முகத்துக்கு நேராக நின்று பழைய குரலில், என் மூக்குக் குரலில் கத்தினேன். "இன்னாத்துக்கு நைனா போட்ட?"

அவர் என்னையே பார்த்தார். "அங்க போனா பேச்சு வரும்னாங்க கண்ணு. பேச்சு வரும்னா எங்க வேணா அனுப்பலாம்னு தோணிச்சி. போட்டுட்டு ராத்திரில்லாம் தூங்கல. எனக்கு வேற இன்னா தெரியும்?" என்றார். கண் கலங்கியிருந்தது. "அதுக்காக எங்கிட்ட பேசாம இருப்பியா?"

"நான் பேசினேன்."

"எப்போ?"

"நேத்து பேசினேன். முந்தாநேத்து பேசினேன். தினம் பேசினேன். உனக்குத்தான் கேக்கல."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா எங்கோ பார்த்தாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் யாரும் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. நான் சொல்லிவிட்டேன். அவர் மெதுவாகக் கையை எடுத்து என் வாயில் வைத்தார், தைத்த தழும்பின் மேலேயே. "வெளிய சொல்லாத. மெடிக்கல்ல அன்ஃபிட்னு எழுதினா மேல தரை வேலைக்குப் போட்டுடுவாங்க. மிஷின் போயிடும்" என்றார். இதை உண்மையாகவே மெதுவாகச் சொன்னார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. வெளியே குடங்கள் மறுபடி நகர ஆரம்பித்தன.

நான் மன்னித்தேனா என்று கேட்டால், உடனே மன்னிக்கவில்லை. அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் அன்றிலிருந்து அவருக்குக் காது நான்தான். சங்கு ஊதினால் நான் அவர் தோளைத் தொடுவேன். கதவை யாராவது தட்டினால் கண்ணைக் காட்டுவேன். என் காதில் வைத்த குழாய் பிறகு தானாக விழுந்தது, மறுபடி நீர் சேர்ந்தது, மறுபடி வைத்தார்கள். அந்த மாதங்களில் இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு சமாளித்தோம். வீட்டில் நான் கத்துவேன். வெளியே போனால், பள்ளியில், ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில், பஸ்ஸில், என் குரலைக் கைக்குட்டை போல மடித்து வைத்துக்கொள்வேன். ஆட்கள் திரும்பிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். சங்கு நின்றுபோனது. கொஞ்ச நாள் அந்த நேரத்துக்கு என் கை தானாக அவர் தோளுக்குப் போகும், பிறகு இறங்கிவிடும். இனி அவரை அன்ஃபிட் என்று எழுத ஒருவரும் இல்லை. அம்மாவும் நானும் அவரை விடாப்பிடியாக ரயில் ஏற்றினோம்.

அதே ஆஸ்பத்திரி, அதே பஞ்சுச் சுவர். டெஸ்ட் எடுக்க இப்போது ஒரு பையன் இருந்தான். அந்த நாற்காலியில் நைனா பெரிதாக, கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். காதில் கருப்பு வளையம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பையன் பொத்தானை அழுத்த, நைனா கை தூக்கினார். மறுபடி அழுத்த, மறுபடி தூக்கினார். "நல்லா கேக்குதே இவருக்கு" என்றான் பையன். நைனாவின் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. பையனின் விரலை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் புருவம் அசைகிறது, அவர் அதைப் படிக்கிறார். நான் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு அவர் கை எழவே இல்லை என்று அம்மா சொன்னாள்.

வெளியே வந்ததும், ஆட்கள் நிறைந்த அந்த நீளமான வராந்தாவில், "இன்னா கண்ணு, பாஸா?" என்றார் அவர். கூரை அதிரக் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். நான் சொன்னால் அவருக்குக் கேட்க வேண்டும். மடித்து வைத்திருந்த குரலை எடுத்தேன்.

"ஃபெயில் நைனா," என்று கத்தினேன். "என்னை மாதிரியே."

அவருக்குக் கேட்டது. சிரித்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.